ஒரே மருந்து, ஒருவருக்கு 4 ஆண்டு, இன்னொருவருக்கு 1 மாதம்: ஊக்கமருந்துத் தண்டனை எப்படி முடிவாகிறது?

கேள்வி இதுதான்: ரஷ்ய ஸ்கேட்டிங் வீராங்கனை கமிலா வலியேவா, போலந்து டென்னிஸ் வீராங்கனை இகா ஸ்வியாடெக் இருவர் சிறுநீர் மாதிரியிலும் டிரைமெட்டாசிடின் என்ற தடைசெய்யப்பட்ட இதய மருந்து இருந்தது. ஒருவருக்கு 4 ஆண்டு தடை, மற்றவருக்கு 1 மாதம். ஆள் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்களா? நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

மருந்து உடம்புக்குள் எந்த வழியாக வந்தது என்பதற்கு ஒருவரிடம் சான்று இருந்தது, மற்றவரிடம் இல்லை. இரண்டு தீர்ப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பெரும்பகுதி அதுதான்.

வலியேவாவின் மாதிரி 2021 டிசம்பர் 25 அன்று ரஷ்ய தேசியப் போட்டியில் எடுக்கப்பட்டது. இதய நோய்க்குத் தாத்தா சாப்பிடும் மாத்திரை எப்படியோ தன் உணவில் கலந்துவிட்டது என்பது அவர் தரப்பு விளக்கம். ரஷ்யாவின் ஒழுங்குக் குழு அவர் மேல் தவறில்லை என்றது. லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2024 ஜனவரி 29 அன்று அதைத் தள்ளிவிட்டு, மாதிரி எடுத்த நாளிலிருந்து 4 ஆண்டு தடை விதித்தது. அப்போது அவருக்கு வயது 15 என்பதும் அவரைக் காப்பாற்றவில்லை.

ஸ்வியாடெக்கிடம் 2024 ஆகஸ்ட் 12 அன்று மாதிரி எடுத்தார்கள். அவர் தூக்கத்துக்காகச் சாப்பிட்ட மெலடோனின், போலந்தில் முறையான மருந்தாகவே விற்பது. அந்த மாத்திரையைச் சோதித்தபோது அதிலேயே டிரைமெட்டாசிடின் கலந்திருந்தது தெரிந்தது. மாதிரியில் இருந்ததும் மில்லிக்கு 0.05 நானோகிராம்தான். மாத்திரை, பரிசோதனை அறிக்கை, சிறுநீரில் இருந்த அளவு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தின. ஆனாலும் சின்சினாட்டி போட்டியின் பரிசுப் பணத்தை இழந்தார். 'முழுக்க நிரபராதி' என்று விட்டுவிடவில்லை.

இனி விதியைப் பார்ப்போம். 2021-இல் அமலுக்கு வந்த உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பின்படி, உங்கள் உடம்பில் இருப்பதற்கு நீங்களே பொறுப்பு. மருந்து இருந்தாலே மீறல் நிரூபணமாகிவிடும்; வேண்டுமென்று எடுத்தீர்களா என்ற பேச்சு தண்டனை அளவில்தான் வரும். அங்கேதான் தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியல் இரண்டாகப் பிரிகிறது. தசையை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு, ரத்தச் சிவப்பணுவைக் கூட்டும் ஈபிஓ, டிரைமெட்டாசிடின் போன்றவை சிக்கினால் தொடக்கமே 4 ஆண்டு; வேண்டுமென்று எடுக்கவில்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். சிறுநீரைக் கூட்டும் டையூரெடிக், மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்பியூட்டலின், ஸ்டிமுலன்டு எனும் ஊக்கிகளில் பல ஆகியவை 'குறிப்பிட்ட வகை' எனப்படும். அவற்றுக்குத் தொடக்கம் 2 ஆண்டு. வேண்டுமென்று எடுத்தார் என்று ஊக்கமருந்துத் தடுப்பு முகமைதான் காட்ட வேண்டும். நிரூபிக்கும் சுமை யார் தலையில் விழுகிறது என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

கலப்படப் பொருள் என்று நிரூபித்து, உங்கள் கவனக்குறைவும் பெரிதில்லை என்று காட்டினால் தண்டனை வெறும் கண்டிப்பிலிருந்து 2 ஆண்டு வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஸ்வியாடெக்குக்கு 1 மாதம் வந்த வழி இது. ஆனால் 'கலப்படம்' என்ற சொல்லுக்கு இங்கே குறுகிய பொருள். லேபிளில் அந்த மருந்தின் பெயர் இருந்தாலோ, இணையத்தில் சாதாரணமாகத் தேடினாலே தெரிந்துவிடும் என்றாலோ அது கலப்படம் ஆகாது. 'லேபிளைப் படிக்கவில்லை' என்பது உங்கள் கவனக்குறைவுக்கு நீங்களே கொடுக்கும் வாக்குமூலம்.

வெறும் கதை ஏன் எடுபடாது என்பதற்கு மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ் வழக்கைப் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் அவர் மாதிரியில் மெத்தாண்டினோன் என்ற அனபாலிக் ஸ்டீராய்டு கிடைத்தது. வேண்டாதவர்கள் தன் பானத்தில் கலந்துவிட்டார்கள் என்றார். நம் தேசிய முகமையான நாடாவின் குழு அதை ஏற்று அவரை விடுவித்தது. உலக முகமையான வாடா மேல்முறையீடு செய்தது. ரியோவில் நடந்த நடுவர் நீதிமன்ற விசாரணையில் நிபுணர் சாட்சியம் சொன்னது இதுதான்: மாதிரியில் இருந்த அளவைப் பார்த்தால் ஒன்று அல்லது இரண்டு மாத்திரையை விழுங்கியிருக்க வேண்டும், தண்ணீரில் கரைத்த பொடியால் அவ்வளவு வராது. களமிறங்குவதற்கு முந்தைய நாள் 4 ஆண்டு தடை வந்தது. கதையை வீழ்த்தியது இந்தக் கணக்குதான். எவ்வளவு எடுத்தால், எத்தனை நாள் கழித்து, சிறுநீரில் எவ்வளவு நிற்கும் என்பதை ஆய்வகம் கணக்கிடும். உங்கள் விளக்கம் அந்தக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். உள்ளூர்க் குழு விடுவித்ததோடு வழக்கு முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். வாடா எந்த முடிவையும் எதிர்த்துப் போகலாம்.

நம் ஊரில் அதிகம் தடுக்கி விழும் இடம் இருமல் சிரப். டெர்பியூட்டலின் கலந்த சிரப் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவின் மாதிரி 2019 பிப்ரவரியில் சையது முஷ்டாக் அலி போட்டியில் எடுக்கப்பட்டது. 8 மாதத் தடை. அதற்கு முன் இன்னொரு கிரிக்கெட் வீரர் யூசுப் பதானுக்கு அதே மருந்துக்கு 5 மாதம். இருவருக்கும் தடை குறைந்ததற்குக் காரணம், சாதாரண இருமல் மருந்து என்பது நம்பும்படி இருந்ததுதான். இந்த மருந்து உண்மையிலேயே தேவைப்பட்டால் முன்கூட்டியே மருத்துவ விலக்கு கேட்டு வாங்கியிருக்க வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு அந்த விலக்கு ஆகாது.

நாட்டு மருந்து என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களும் அதிகம். இலங்கை கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவின் மாதிரி 2011 உலகக் கோப்பையின்போது சிக்கியது. தோள் வலிக்கு எடுத்த மூலிகை மருந்து என்றுதான் அவர் நினைத்திருந்தார். கிடைத்ததோ பிரெட்னிசோன், பிரெட்னிசோலோன். 3 மாதத் தடை. வலி ஒரே நாளில் பறந்துபோகிற 'மூலிகை'யில் ஸ்டீராய்டு இருக்குமோ என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இப்போது நோட்டீஸ் வந்தால். கடிதங்கள் இரண்டு வரும். உங்கள் சிறுநீரை ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் பிரித்து வைப்பார்கள்; முதல் கடிதம், ஏ மாதிரியில் இன்னது கிடைத்தது என்ற தகவல். அனபாலிக் ஸ்டீராய்டு போன்றவையாக இருந்தால் அதோடு தற்காலிகத் தடையும் கட்டாயம். அந்தத் தடையில் கழியும் நாட்கள் கடைசித் தண்டனையில் கழிக்கப்படும். நடுவில் ஏதோ உள்ளூர்ப் போட்டியில் ஓடிவிட்டால் அந்தக் கழிவும் போகும். பி மாதிரியைத் திறக்கச் சொல்லவும் கடிதத்தில் கெடு இருக்கும். திறக்கும்போது நீங்களோ உங்கள் ஆளோ போய் நில்லுங்கள். மாதிரி கொடுத்தபோது உங்களுக்குத் தந்த படிவ நகலில் உள்ள எண்ணும் பாட்டிலில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா, மூடி சேதமில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பி மாதிரி காப்பாற்றிவிடும் என்று அதையே நம்பி உட்கார வேண்டாம். ஒரே சிறுநீர்தான் இரண்டு பாட்டிலிலும் இருக்கிறது. அதைவிட உபயோகமானது ஆய்வகத்தின் முழு ஆவணத் தொகுப்பைக் கேட்டு வாங்கி, விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுவது. ஆய்வகமும் தவறும். இலங்கை கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவை 2015 டிசம்பரில் நியூசிலாந்திலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆய்வக முடிவு நிற்காது என்று தெரிந்ததும் 2016 மே மாதம் குற்றச்சாட்டையே கைவிட்டார்கள்.

இரண்டாவது கடிதம்தான் குற்றச்சாட்டு நோட்டீஸ். அது கையில் கிடைத்த தேதியை அன்றே எழுதி வையுங்கள். 4 ஆண்டு கேட்கும் வழக்கில், 20 நாளுக்குள் மீறலையும் தண்டனையையும் ஒப்புக்கொண்டால் 1 ஆண்டு குறையும். பிள்ளைகள் பலர் இதைத் தெரியாமலே இழக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது, பயிற்சியாளர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார், 20 நாள் ஓடிவிடுகிறது. ஆனால் கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்தச் சலுகையை எடுத்தால் வேறு எந்த விதியின் கீழும் மேற்கொண்டு குறைக்க முடியாது. கலப்படத்துக்கு உண்மையான சான்று வைத்திருப்பவர் அவசரப்பட்டு ஒப்புக்கொண்டால், சில மாதத்தில் முடிந்திருக்கக்கூடியது 3 ஆண்டாகிவிடும். கையில் எதுவும் இல்லாதவர் பிடிவாதமாக மறுத்தால் 4 ஆண்டு. எனவே முதல் கடிதம் வந்த அன்றே, சாப்பிட்டது, குடித்தது, ஊசி போட்டது எல்லாவற்றையும் தேதியோடு எழுதி, எது நிரூபிக்கத்தக்கது என்று ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து பாருங்கள்.

போலி மருத்துவச் சான்றிதழ், பின்தேதியிட்ட சீட்டு பக்கமே போகாதீர்கள். விசாரணையில் பொய் ஆவணம் கொடுப்பது தனி மீறல், அதற்கே தனியாக 4 ஆண்டு வரை உண்டு.

மாதிரி கொடுக்க மறுப்பதும் அப்படித்தான். மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா 2024 மார்ச் 10 அன்று சோனிபட் தேர்வுப் போட்டியில் மாதிரி தரவில்லை. முன்பு காலாவதியான கிட் கொண்டு வந்தார்கள், அதற்கு விளக்கம் வேண்டும் என்பது அவர் வாதம். ஒழுங்குக் குழு அதை ஏற்காமல் 4 ஆண்டு விதித்தது. கிட்டில் சந்தேகமா, அதிகாரி நடத்தையில் குறையா, படிவத்தில் கருத்து எழுதும் இடத்தில் எழுதுங்கள், மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். கடைசி 7 நாளில் எடுத்த மருந்து, சப்ளிமென்ட் அனைத்தையும் அதே படிவத்தில் ஒன்று விடாமல் குறிப்பிடுங்கள். பிறகு 'இதைச் சாப்பிட்டேன்' என்று சொல்லும்போது, அன்றைக்கே எழுதியிருந்தால்தான் குழு நம்பும்.

பதக்கத்தைப் பற்றியும் கேட்பார்கள். மீறல் நடந்த போட்டியின் பதக்கம் மட்டுமல்ல, மாதிரி எடுத்த நாளிலிருந்து தற்காலிகத் தடை தொடங்கும் வரை கிடைத்த மற்ற முடிவுகளும் சாதாரணமாக ரத்தாகும். திருச்சி கோமதி மாரிமுத்துவுக்கு 2019 மார்ச் 18 முதல் மே 17 வரையிலான முடிவுகள் அழிக்கப்பட்டன. தோகா ஆசியத் தடகளச் சாம்பியன்ஷிப்பின் 800 மீட்டர் தங்கம் அதில் போனது. தடை 4 ஆண்டு.

பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களும், பதினெட்டுக்குக் கீழே இருந்து சர்வதேச அளவில் பொதுப் பிரிவில் ஆடாத, சோதனைப் பட்டியலிலும் இல்லாத பிள்ளைகளும் 'பாதுகாக்கப்பட்டவர்' எனப்படுவார்கள். கவனக்குறைவு பெரிதில்லை என்று வாதாடும்போது மருந்து வந்த வழியை அவர்கள் நிரூபித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெற்றோர் இதை விசாரணையில் முதலிலேயே எழுப்ப வேண்டும்.

தடைக்காலத்தில் பயிற்சி கொடுக்கவும் முடியாது, சங்கத்தின் கூடத்தில் குழுவோடு பயிற்சி எடுக்கவும் முடியாது. கடைசி 2 மாதம், அல்லது தடையின் கடைசிக் கால் பங்கு, இதில் எது குறைவோ அப்போதுதான் குழுப் பயிற்சிக்குத் திரும்பலாம்.

கடைசியாக, சப்ளிமென்ட் பவுடர் டப்பா. ஜிம்மில் கவரில் அளந்து கொடுக்கும் பவுடரை எந்த வழக்கிலும் சான்றாக வைக்க முடியாது. டப்பாவாக, பில்லோடு வாங்குங்கள். ஃபாயில் சீலை உரிக்கும் முன் லேபிள், அடியில் அச்சடித்த பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் இரண்டு ஸ்பூன் மிச்சம் வைத்து மூடி, மாதம் எழுதி எடுத்து வையுங்கள். முடிந்தால் அதே பேட்சில் பிரிக்காத ஒரு டப்பாவும். திறந்த டப்பாவில் மருந்து கிடைத்தால் 'நீங்களே கலந்திருக்கலாமே' என்ற கேள்வி வரும். சீல் உடையாத அதே பேட்ச் டப்பாவில் கிடைத்தால் அந்தக் கேள்விக்கு இடமில்லை.