சவுதியிலிருந்து அப்பா பேசி அனுப்பிய கேசட்டுகள்: போட்டுக் கேட்கப் பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியில் இரண்டு பயம் இருக்கிறது. 30 வருடம் பீரோவில் கிடந்த கேசட் அறுந்துவிடுமோ என்பது ஒன்று. இறந்துபோன அப்பாவின் குரலை 48 வயதில் திடீரென்று கேட்டால் மனசு தாங்குமா என்பது இன்னொன்று. முதலாவதுக்குத் தெளிவான வழி இருக்கிறது. அதைப் பொறுமையாகச் செய்தால் இரண்டாவதும் கொஞ்சம் இறங்கும்.

"கடையில் கொடுத்தால் பென் டிரைவில் போட்டுத் தருவார்களே" என்று கீழே எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். சினிமாப் பாட்டு கேசட் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். இது ஒரே பிரதி. இரைச்சலை நீக்குகிறேன் என்று வடிகட்டியை முழுதாக ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். "இடையில் வெறுமனே இருந்தது, வெட்டிவிட்டோம்" என்பார்கள். அந்த வெறுமையில்தான் அப்பா அடுத்து என்ன சொல்வதென்று யோசிக்கும் மூச்சு இருக்கும், பின்னால் ஏசி ஓடும் சத்தம் இருக்கும், தூரத்தில் பாங்கு கேட்கும். அதனால் நீங்களே செய்யுங்கள்.

முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் தக்கைகளை உடைத்துவிடுங்கள். இனி யார் தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பிறகு கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகப் பொடிப் பொடியாகத் தெரிந்தால் பூஞ்சை. அதை மட்டும் போடாதீர்கள். பிளேயரில் டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி மற்ற கேசட்டுக்கும் பரவும். அந்த ஒன்றை மட்டும் இதில் பழக்கமுள்ளவரிடம் கொடுப்பதில் தவறில்லை.

அடுத்து, கேசட்டின் கீழ் விளிம்பில் டேப் வெளியே தெரியும் இடத்தின் நடுவில், செம்பு நிறத் தகட்டின் மேல் ஒட்டிய சின்ன மெத்தை இருக்கிறதா பாருங்கள். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும்; குரல் மங்கி மங்கி வரும். குரலே போய்விட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இதனால்தான். ஐந்து திருகாணி உள்ள காலிக் கேசட் ஒன்றை வாங்கித் திறந்து, இரண்டு சுருளையும் அப்படியே அதற்குள் மாற்றிவிடலாம். அப்பாவின் கேசட் திருகாணி இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் ஓரத்தில் மெல்லிய கத்தியால் நெம்ப வேண்டும். டேப் அறுந்திருந்தால் சாதாரண செல்லோடேப் வேண்டாம், பசை கசிந்து பக்கத்துச் சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். 3.81 மில்லிமீட்டர் அகலத்தில் இதற்கென்றே ஸ்ப்ளைசிங் டேப் கிடைக்கிறது. பெரும்பாலும் அறுவது இரண்டு முனைகளில், நிறமில்லாத பகுதி சேரும் இடத்தில்.

பிளேயர் விஷயத்தில்தான் அவசரப்படுவார்கள். பரணிலிருந்து இறக்கிய டேப் ரெக்கார்டரில் உடனே அப்பாவின் கேசட்டைப் போடாதீர்கள். உள்ளே பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது தார் மாதிரி உருகியிருக்கும். சுருட்டும் பக்கம் சுற்றாமல் டேப் உள்ளே சிக்கும். பெல்ட் மாற்றி, ஹெட்டையும் பக்கத்திலுள்ள மெல்லிய கம்பியையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, இழந்தாலும் பரவாயில்லை என்ற பாட்டு கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். சிக்காமல் ஓடினால், அப்பாவின் கேசட்டை ஆறுபட்டைப் பென்சிலால் சில சுற்று சுற்றி இளக்கி, ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிய பிறகு பிளே போடுங்கள்.

இனி பதிவு: பிளேயரின் லைன் அவுட் துளையிலிருந்து யுஎஸ்பி ஆடியோ கருவி வழியாகக் கணினிக்கு. லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகினால் குரல் உடையும். பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், அது போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். 60 நிமிடக் கேசட் சுமார் 1 ஜிபி வரும். குரல் மந்தமாக இருந்தால் ஹெட் ஓரத்துத் திருகாணியைக் கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்புங்கள். 'ஸ' ஓசை கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

குரல் வேகமாகவோ கீச்சென்றோ வந்தால் அப்பாவின் மெஷின் மெதுவாக ஓடியிருக்கிறது. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தால் பக்கத்தின் முடிவு நெருங்க நெருங்கக் கீச்சு கூடும், அதைக் காதால்தான் சரிசெய்ய வேண்டும். கரண்டில் ஓடியிருந்தால் அடியில் ஒரு ரீங்காரம் பதிந்திருக்கும். சவுதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஓசை என்று ஆடாசிட்டி காட்டும் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் 126-ல் ஒரு கூம்பு தெரிந்தால், அது 60-இன் இரட்டிப்பான 120-ல் இருக்க வேண்டியது; வேகத்தை அந்த விகிதத்தில் குறைத்தால் அப்பாவின் சொந்தக் குரல் வந்துவிடும். 50, 100-ல் தெரிவது உங்கள் வீட்டுக் கரண்ட், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இனி அந்த இரண்டாவது பயம். பதிவாகும்போது ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். திரையில் அலை மட்டும் ஓடும். குரல் பத்திரமாகிவிட்டது என்று தெரிந்த பிறகு கேட்பதும், ஒவ்வொரு நொடியும் அறுந்துவிடுமோ என்று பதறிக்கொண்டு கேட்பதும் ஒன்றல்ல. முதல் தடவை அஞ்சு நிமிடம் போதும். அழுகை வந்தால் நிறுத்துங்கள், கோப்பு எங்கும் போகாது. அம்மா இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஆச்சரியப்படுத்துகிறேன் என்று பின்னாலிருந்து ஓடவிடாதீர்கள், 75 வயதில் அது கொடுமை. சிலர் வேண்டாம் என்பார்கள், சில மாதம் கழித்து அவர்களே கேட்பார்கள்.

குரல் நின்ற பிறகும் டேப்பை முடிவுவரை ஓட்டுங்கள். பல வீடுகளில் அதே கேசட்டிலேயே பதிலைப் பதிந்து திருப்பி அனுப்பினார்கள். பதில் சின்னதாக இருந்தால் பழைய பேச்சு மிச்சம் கடைசியில் இருக்கும். பாட்டியின் குரலோ, "அப்பா, எனக்குக் கலர் பென்சில்" என்ற உங்கள் குரலோ அங்கே கிடைக்கலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனசு வரவில்லை: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியவர்கள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை, போனில் இடமில்லை என்று காலை வணக்கப் படங்களோடு சேர்த்து அழிக்கிறார்கள். படங்களை அழியுங்கள். குரலை வேறிடத்தில் சேமித்துவிட்டு அழியுங்கள்.

வேவ் கோப்பை இரண்டு இடத்தில், அதில் ஒன்று வேறு ஊரில் உள்ள உடன்பிறந்தவரிடம். பகிர எம்பி3 பிரதி போதும். உறைமேல் அப்பா எழுதியதையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் வையுங்கள். மூலக் கேசட்டுகளை எறிய வேண்டாம். நிமிர்த்தி, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, ஈரம் படாத இடத்தில்.