தடைக்காலமும் எண்ணெய்க் கிணறும்

அன்புள்ள ஐயா,

மண்டபத்தில் விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் டெக்சாஸில் இருக்கும் மருமகன் மூலமாக அங்கே ஓர் எண்ணெய்க் கிணற்றில் சிறு பங்கு வாங்கினேன். முதலாண்டு நன்றாக வந்தது. இப்போது வருவது சொற்பம். பம்பு பழுதாம், இன்னும் பணம் கேட்கிறார்கள். தடைக்காலத்தில் 61 நாள் படகைக் கட்டிவைத்துப் பொறுக்கிறோமே, அதுபோல இதற்கும் பொறுக்கலாமா?

ஒரு வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீங்கள் பொறுப்பது, அந்த நாட்களில் கடலில் மீன் பெருகும் என்பதால். பூமிக்கடியில் எண்ணெய் அப்படிப் பெருகாது. கிணற்றைச் சில காலம் மூடிவைத்தால் அழுத்தம் ஏறி, திறந்ததும் கொஞ்ச நாள் கூடுதலாக வரும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அடியில் இருக்கும் சரக்கு கூடியிருக்காது.

விலை விழுந்து வருமானம் குறைந்திருந்தால் பொறுங்கள் என்றே சொல்வேன். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. 2022 மார்ச்சில் 100 டாலரைத் தாண்டியது. விலை திரும்பி வரும். வற்றிய கிணறு வராது.

எது நடக்கிறது என்று தெரிய, மாதக் கணக்குத் தாள்களை எடுங்கள். தொகையை விடுங்கள். எத்தனை பீப்பாய் எண்ணெய், எத்தனை பீப்பாய் உப்புநீர் என்று மாதவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். வயதான கிணற்றில் எண்ணெய் குறையக் குறைய நீர் ஏறும். அந்த நீரையும் பம்பு போட்டுத்தான் மேலே இழுக்க வேண்டும். பிறகு லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் வேறோர் ஆழ்கிணற்றில் இறக்க வேண்டும். எண்ணெய் விற்ற காசை இந்தத் தண்ணீரே குடித்துவிடும். கணக்கில் சந்தேகம் இருந்தால், அங்கே எண்ணெய்க் கிணறுகளைக் கண்காணிக்கும் டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷன் என்ற அரசு அமைப்பு, எண்ணெய் எடுக்கக் குத்தகைக்கு விட்ட ஒவ்வொரு நிலத்தின் மாத எண்ணெய் உற்பத்தியையும் இணையத்தில் வெளியிடுகிறது. மருமகனை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பம்பு நிற்பதற்கு முந்தைய மாதம்வரை எண்ணெய் ஓரளவு சீராக வந்திருந்தால், பழுதுபார்க்கக் கொடுப்பதில் தப்பில்லை. ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தால் புதுப் பம்பு போட்டும் பயனில்லை. இதுவரை போட்ட பணத்தை நினைத்து மேலும் போடாதீர்கள். அது அலையில் நின்று சம்பாதித்த பணம். எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.

இன்னொன்று. செலவில் சேராமல் விற்பனையில் மட்டும் பங்கு பெறும் ராயல்டிப் பங்காக இருந்தால் பழுதுச் செலவை உங்களிடம் கேட்க மாட்டார்கள். கேட்கிறார்கள் என்றால், உங்களுடையது செலவையும் சுமக்கும் பங்கு. கிணறு ஓய்ந்தபின் சிமெண்ட் இறக்கி நிரந்தரமாக மூடும் செலவிலும் உங்கள் தலையில் ஒரு பகுதி விழலாம். அந்தச் செலவு எவ்வளவு, அதற்கென்று பணம் ஒதுக்கியிருக்கிறார்களா, பங்கை இப்போதே விட்டு விலகினால் பொறுப்பும் விலகுமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்த பிறகு பம்புக்குப் பணம் அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம்.