லைன்ஸ்மேன் பதில்கள்

(சென்னை லீக் ஆட்டங்களில் 22 வருஷம் கோட்டோரம் கொடி பிடித்தவர், வாசகர்களின் கால்பந்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

எஸ்.ஆர்., பாளையங்கோட்டை
டாக்காவில் பங்களாதேஷிடம் தோற்றுவிட்டு வந்திருக்கிறார்கள். 140 கோடிப் பேரில் பந்து அடிக்கத் தெரிந்த 11 பேர் கிடைக்கவில்லையா?

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் யாரோ, ஒவ்வொரு தோல்விக்கும் மறுநாளே தபாலில் வந்துவிடுகிறது. 140 கோடியை விடுங்கள். நம் முதல்தர லீக்கான ஐ.எஸ்.எல்.லில் (இந்தியன் சூப்பர் லீக்), நடு ஃபார்வர்டு இடத்தில், வாரா வாரம் தொண்ணூறு நிமிஷம் ஆடுகிற இந்தியர்களை எண்ணிப் பாருங்கள். விரல் மிச்சமிருக்கும். ஐ.எஸ்.எல்.லில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் களத்தில் நிற்கலாம். காசைக் கொட்டுகிற முதலாளி யாரை வாங்குவார்? கோல் அடிப்பவனை. நம் பையனை விங்குக்குத் தள்ளுவார்கள், இல்லாவிட்டால் பெஞ்சுக்கு.

2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்தோடு ஆடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்திய அணியிலிருந்து விடைபெற்றார் கேப்டன் சுனில் சேத்ரி. அடுத்த மார்ச்சில் பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் அவரை மறுபடி கூப்பிட்டார். வயது 40. ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக வந்த கையோடு தலையால் முட்டி ஒரு கோல். கை தட்டினேன், வயிறும் கலங்கியது. அந்த சீசன் ஐ.எஸ்.எல்.லில் இந்தியர்களிலேயே அதிக கோல் அடித்தவரும் அவர்தான், 14. தாத்தா நன்றாகச் சமைக்கிறார், சரி. அதற்காகப் பேரப்பிள்ளைகளை அடுப்பங்கரைப் பக்கமே விடாமல் இருந்தால் எப்படி?

ம.க., காரைக்குடி
எங்கள் ஊர்ப் பக்கத்து சிவசக்தி நாராயணனை ஏன் எல்லாரும் மறந்துவிட்டார்கள்?

நான் மறக்கவில்லை. 2022 செப்டம்பரில் டூரண்ட் கோப்பை இறுதி, கொல்கத்தா சால்ட் லேக். எதிரில் மும்பை சிட்டி. ஆட்டம் சூடுபிடிக்கும் முன்னால் கோல்கீப்பர் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டு, கண்டனூர்ப் பையன் கோல் அடித்தான். பெங்களூரு 2-1 என்று கோப்பையைத் தூக்கியது. அந்த சீசன் முடிவில் ஐ.எஸ்.எல்.லின் வளரும் ஆட்டக்காரர் விருதும் அவனுக்கே. (என் வயசுக்கு இவர்கள் எல்லாரும் 'அவன்'தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

அதற்கப்புறம்? 2024-25ல் அதே கிளப்பின் முன்வரிசையில் சேத்ரி, அர்ஜென்டினாவின் பெரேரா தியாஸ், ஸ்பெயினின் எட்கர் மென்டெஸ். மூன்று பேருக்கும் அப்புறம்தான் இவன் முறை. கடைசிப் பதினைந்து நிமிஷம் இறங்கி, உடம்பு சூடாவதற்குள் விசில். ஃபார்வர்டுக்குத் தேவை கோல் முன்னால் நாலு தரம் தவறவிடும் உரிமை. தவறவிட்டாலும் அடுத்த சனிக்கிழமை நான்தான் என்று தெரிந்தால்தான் ஐந்தாவது உள்ளே போகும். அது நம் ஆட்களுக்குக் கிடைப்பதில்லை. நான் தேர்வாளராக இருந்தால் (நல்லவேளை இல்லை) இவனை வேறு கிளப்புக்கு ஒரு வருஷம் கடனாக அனுப்பச் சொல்லிக் காலில் விழுவேன்.

ஆர்.பி., வியாசர்பாடி
நம் பையன்களுக்கு இந்திய அணி வாய்ப்பு வருவதற்குள் வயதாகிவிடுகிறதே?

உண்மை. நந்தகுமார் சேகர் இந்திய சட்டையைப் போட்டது 2023 ஜூனில், 27 வயதில். இரண்டே மாதத்தில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் 1-0, கோல் அவனுடையது. அதற்கு முன் எட்டு டெர்பி (இந்த இரண்டு கொல்கத்தா கிளப்புகளின் மோதல்) தொடர்ந்து தோற்றிருந்த கூட்டம் அது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் இல்சா மீன்தான் விருந்து, கொல்கத்தாவில் அன்று ராத்திரி அதன் விலை ஏறியிருக்கும்.

எட்வின் வன்ஸ்பால் இன்னும் மோசம். 2018-19ல் சென்னை சிட்டி ஐ-லீக் (ஐ.எஸ்.எல். அல்லாத இன்னொரு தேசிய லீக்) பட்டத்தை வென்றபோது கோவை நேரு ஸ்டேடியத்தில் அவன் ஓடிய ஓட்டத்தை நேரில் பார்த்தேன். பேக்கில் நில் என்றால் நிற்பான், நடுவில் ஆடு என்றால் ஆடுவான். கோல் அடித்த பெட்ரோ மன்சியின் பெயர் எல்லாருக்கும் தெரிந்தது. எட்வினுக்கு ஐ.எஸ்.எல். கதவு திறந்தபோது வயது 27ஐத் தொட்டுவிட்டது.

உங்கள் பேட்டை தன்பால் கணேஷையும், குமரிக் கடற்கரை இரையுமன்துறையின் மைக்கேல் சூசைராஜையும் பற்றிக் கேட்காதீர்கள். அவர்களை யாரும் கவனிக்காமல் விடவில்லை, முழங்கால்தான் கைவிட்டது. சூசைராஜுக்கு 2020-21 சீசனின் முதல் ஆட்டத்திலேயே. அந்த ஆட்டத்தை நான் பாதியில் அணைத்துவிட்டேன்.

தா.ஜெ., மார்த்தாண்டம்
ஹம்சா சவுத்ரியை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து பங்களாதேஷ் நிமிர்ந்துவிட்டது. நாம் ஏன் அப்படிச் செய்யக்கூடாது?

லெஸ்டர் சிட்டிக்காரர். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் நமக்கு எதிராகத்தான் முதன்முதலில் பங்களாதேஷ் சட்டை போட்டார், 0-0. நவம்பரில் டாக்கா, 1-0. 22 வருஷம் கழித்து நம்மை ஜெயித்திருக்கிறார்கள், கொண்டாடட்டும்.

நமக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. இரட்டைக் குடியுரிமை இல்லை. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தால் இங்கே வீடு வாங்கலாம், இந்தியாவுக்கு ஆட முடியாது. இந்திய பாஸ்போர்ட்தான் வேண்டும் என்பது 2008 முதல் விதி. நியூகாசிலுக்கு ஆடிய மைக்கேல் சோப்ரா ஒரு காலத்தில் ஆசைப்பட்டார், நடக்கவில்லை. ஜப்பான் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 2013ல் நமக்கு ஆடினார் இசுமி அராத்தா. இப்போது பெங்களூருவின் ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பெர்த்தில் பிறந்தவர், அம்மா வழி பம்பாய். தாத்தா அந்தக் காலத்தில் பம்பாய்க்காக, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஆடியவர். ஆஸ்திரேலியாவிலிருந்து வர வேண்டிய தடையில்லாச் சான்று நேரத்துக்கு வராததால் டாக்கா ஆட்டத்தில் இறங்க முடியவில்லை. அப்போதே வயது 32. பழுத்த மாம்பழம், இன்றைக்கே சாப்பிட வேண்டும்.

வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் தன் நாட்டு பாஸ்போர்ட்டையே துறந்து வந்து நிரப்புகிற அந்த இடத்துக்கு, அதே கிளப் பெஞ்சில் ஒரு கண்டனூர்ப் பையனும் உட்கார்ந்திருக்கிறான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எனக்கு எரிகிறது.

வி., சேலம்
கிரிக்கெட் பற்றி ஏன் ஒரு பதிலும் எழுதுவதில்லை?

அதற்கு இந்தப் பத்திரிகையில் மீதி 90 பக்கம் இருக்கிறது.

க.மு., பாலக்காடு
சந்தோஷ் டிராபியை இனி யார் பார்க்கிறார்கள்? அதை நிறுத்திவிடலாமே?

வாயைக் கழுவுங்கள். 2022 ஏப்ரல் 28 அன்று நீங்கள் மஞ்சேரியில் இல்லை போலிருக்கிறது. நான் இருந்தேன். நோன்பு மாதம். ஆட்டம் ராத்திரி எட்டரைக்கு. கோயம்புத்தூரிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது பையநாடு ஸ்டேடியத்துக்கு வெளியே நிற்கவும் இடமில்லை. அரையிறுதி, கேரளா - கர்நாடகா. முதல் கோல் கர்நாடகாவுக்கு. அரைமணி நேரம் ஆனதும் பயிற்சியாளர் ஒரு பையனை எழுப்பி உள்ளே அனுப்பினார். ஜெசின், பெஞ்சு ஆள். பக்கத்தில் இருந்த பெரியவர் "யாருடா இவன்?" என்று மலையாளத்தில் கேட்டார். இடைவேளைக்குள் மூன்று கோல். முடியும்போது ஐந்து. கேரளா 7-3. பெரியவர் கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தார். இரண்டு நாள் வலித்தது.

அந்தப் பையனை அப்புறம் ஈஸ்ட் பெங்கால் எடுத்துக்கொண்டது. 2024ல் மேற்கு வங்கத்தின் ரோபி ஹன்ஸ்தா இதே போட்டியில் 12 கோல், ஹைதராபாத் இறுதியில் கேரளாவுக்கு எதிராகக் கடைசி நிமிஷத்தில் அடித்ததும் அவன்தான். இந்த இரண்டு பேரும் தேசிய அணிக்குத் தேறுவார்களா, எனக்குத் தெரிந்த பதில்: கொஞ்சம் ஆட்டம் மட்டம், தடுப்பாளர்கள் மெதுவானவர்கள், அதனால் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. ஆனால் ஒரு வார முகாமுக்குக் கூப்பிட என்ன செலவு? ஒரு ரயில் டிக்கெட்.

ஜே.எஸ்., நாகர்கோவில்
காலித் ஜமீல் புதிதாக என்ன செய்துவிட்டார்?

மற்றவர் பார்க்காத ஆட்களைப் பார்த்தார். அவருக்கு அது பழக்கம்: 2016-17ல் ஐஸால் என்ற சின்ன ஊர்க் கிளப்பை ஐ-லீக் சாம்பியனாக்கியவர். 2025 ஆகஸ்டில் இந்தியப் பயிற்சியாளர் பொறுப்பு. மோகன் பகான் கிளப் தன் ஆட்களை அனுப்பவில்லை. இருக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு, மத்திய ஆசிய அணிகளின் காஃபா நேஷன்ஸ் கோப்பைக்காக தஜிகிஸ்தான் போனார். முன்பு ஜம்ஷெட்பூரில் தன்னிடம் ஆடிய நிலம்பூர் முகமது உவைஸுக்கு முதல் வாய்ப்பு. பையனிடம் ஒரு தனிச் சரக்கு: நீள எறி. கோட்டோரத்திலிருந்து இரண்டு கையால் எறிந்தால் கார்னர் கிக் மாதிரி போய் விழும். தஜிகிஸ்தானுக்கு எதிராக ஆரம்பத்திலேயே அந்த எறியில்தான் அன்வர் அலி தலையால் முட்டினார். 2-1 ஜெயம். கடைசியில் ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம்.

கொடி பிடித்தவனுக்கு எறி என்றால் தனிப் பாசம். என் காலடியில் நடக்கும் வேலை அது. கால் தரையில் இருக்கிறதா, பந்து தலைக்குப் பின்னாலிருந்து வருகிறதா என்று ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். அதை ஒரு ஆயுதம் என்று நினைத்து, அதற்காகவே ஒரு பேக்கை அணியில் சேர்க்கிற பயிற்சியாளர் நமக்கு அபூர்வம். அப்புறம் அக்டோபரில் சிங்கப்பூரிடம் கோவாவின் மட்காவ் நகரில் 1-2 தோற்று ஆசியக் கோப்பை வாசல் மூடிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நீள எறி மட்டும் வீடு கட்டாது.

ஒரு தாய், கடலூர்
என் மகனுக்கு 14 வயது. ஒரு தேர்வு முகாமில் பத்தே நிமிஷம் ஆடவிட்டு, குள்ளம் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. என்ன சொல்லட்டும்?

அம்மா, முதலில் சோறு போடுங்கள். பசியோடு யாரும் வளர்ந்ததில்லை.

அந்த மாதிரி ஒரு முகாமில் நானும் கொடியோடு நின்றிருக்கிறேன். எங்கே என்று வேண்டாம். 200 பையன்கள், மூன்று தேர்வாளர்கள், ஒரு ரெஜிஸ்டர். காலையில் உயரம் அளந்தார்கள். சாயங்காலம் ரெஜிஸ்டரில் தேறியவர்களைப் பார்த்தால், காலையில் சுவரில் கோடு தாண்டியவர்கள். நடுவில் நடந்த ஆட்டம் எதற்கு என்று புரியவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை. டீ வந்தது, குடித்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

லைன்ஸ்மேன் வேலையில் ஒரு லாபம் உண்டு. எல்லாரும் பந்தைப் பார்க்கும்போது நாங்கள் பந்து இல்லாதவனைப் பார்க்க வேண்டும். ஆஃப்சைடு அங்கேதான் இருக்கிறது. அப்படிப் பார்த்துப் பார்த்து ஒன்று பிடிபட்டது: பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் பையன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறானா? ஒரு ரூல்டு நோட்டில், திருப்புகிற ஒவ்வொரு தரமும் ஒரு கோடு போடுவேன். நன்றாக ஓடுகிற, நன்றாக உதைக்கிற பலருக்கும் பக்கம் வெறுமையாக இருக்கும். சிலருக்குப் பத்து நிமிஷத்தில் வரி நிறைந்துவிடும். அவர்கள் பந்தை வாங்கும்போதே அடுத்தது எங்கே என்று தெரிந்துதான் வாங்குவார்கள். குள்ளம், நெட்டை அதில் தெரிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் ஆடும்போது கோட்டோரம் உட்காருங்கள். பந்து எதிர்ப் பக்கம் இருக்கையில் அவன் கழுத்தை மட்டும் பாருங்கள். பத்து நிமிஷம் எண்ணி எனக்கு எழுதுங்கள். குறைவாக இருந்தால் பழக்கலாம், அது உயரம் இல்லையே.

கடலூரில் இருக்கிறீர்கள் என்பதால் ஒன்று: உங்கள் ஊர் இந்துமதி கதிரேசனை மகனுக்குக் காட்டுங்கள். இந்தியப் பெண்கள் அணிக்கு நடுக்களத்தில் ஆடியவர், போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். 2018லும் 2023லும் தேசிய சாம்பியன் பட்டம் தமிழ்நாட்டுப் பெண்களுக்குத்தான். ஆண்கள் அணியைப் பற்றியே நீங்கள் எல்லாரும் கேட்கிறீர்கள். 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குப் போனது பெண்கள். ஒரு கடிதம்கூட வரவில்லை.

பி.என்., தூத்துக்குடி
இப்போது உங்கள் நோட்டில் யார் பெயர் இருக்கிறது?

போன மாதம் குமரி மாவட்டத்தில் ஒரு செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர்) நாக் அவுட். மணல் மைதானம், சீரியல் லைட், மைக்கில் பாதிரியார். ஆறாம் நம்பர் சட்டை, ஸ்டாப்பர் பேக் (நடுத் தடுப்பாளன்), 17 வயது இருக்கும். ஒரு காலில் ஷூ பிய்ந்து கயிறு கட்டியிருந்தான். முதல் பாதியிலேயே என் பக்கத்தில் இரண்டு வரி நிறைந்தது. ஆட்டம் முடிந்து பெயர் கேட்டேன், சொன்னான். இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே ஒரு ஏஜென்ட் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். முதலில் புது ஷூ வாங்கிக்கொண்டு நான் போகிறேன். சைஸ் எட்டு.