கடல்மீன் வளர்ப்பில் தண்ணீர் குளிர்ந்தால் மீனின் குடல் பாக்டீரியாக்களுக்கு என்ன ஆகும்?

மீன் குளிர்ரத்தப் பிராணி. தண்ணீர் 12 டிகிரி செல்சியஸ் என்றால் குடலும் ஏறக்குறைய 12 டிகிரிதான். வெதுவெதுப்பில் வேகமாகப் பெருகும் விப்ரியோ வகைகள் பல அங்கே மந்தமாகிவிடும். சூடோமோனாஸ், சைக்ரோபாக்டர் போல குளிர் தாங்குபவை இடம் பிடிக்கும்.

ஆனால் குளிரைவிடப் பெரிய காரணம், மீன் இரை எடுப்பது குறைவதுதான். மத்தியதரைக்கடல் பண்ணைகளில் வளர்க்கும் கில்ட்ஹெட் சீபிரீம் என்ற மீன் 13 டிகிரிக்குக் கீழே அநேகமாக வாயே வைக்காது. தின்ற கொஞ்சமும் செரிக்க அதிக நேரம் எடுக்கும். செரிக்காத புரதமும் கொழுப்பும் பின்குடலில் தங்கி, அங்குள்ள பாக்டீரியாக்களுக்குத் தீனியாகும். குடல் முழுக்கக் காலியானபின் குடல் சுவரின் சளியைத் தின்று வாழ்பவைதான் நிலைக்கும். அதே சமயம் மீனின் எதிர்ப்புச் சக்தியும் குளிரில் தளர்ந்துவிடுவதால், சும்மா கிடந்த கிருமிக்கும் வழி திறக்கிறது. அந்தப் பண்ணைகளில் சீபிரீமுக்கு வரும் குளிர்கால நோயில் குடல் நீர் கோத்து உப்பி, ஈரல் வெளுத்திருக்கும். சூடோமோனாஸ் ஆங்குவிலிசெப்டிகா என்ற பாக்டீரியா அதில் அடிக்கடி கிடைக்கிறது.

தீவனத்தைக் குளிர் வந்தபின் மாற்றிப் பயனில்லை. மீன் நன்றாகத் தின்னும்போதே, சில வாரம் முன்னதாக, எளிதில் செரிக்கும் மீன்மாவு கூடிய தீவனத்துக்கு மாறுங்கள். சோயா மாவைக் குறையுங்கள். குறிப்பாக சீரியோலா (யெல்லோடெயில் வகைக் கடல்மீன்) இனத்துக்கு சோயா அதிகமானால் குடல் அழற்சி வரும். குளிர் வந்த பிறகு தீவன அளவு அட்டவணையை மூடி வைத்துவிட்டு, பசி பார்த்துப் போடுங்கள். வசந்தத்தில் முதல் வெயிலைக் கண்டதும் அளவை ஒரேயடியாக ஏற்றக் கூடாது.

புரோபயாட்டிக் (தீவனத்தில் கலக்கும் நன்மை தரும் பாக்டீரியா) வாங்குமுன் அது எந்த வெப்பநிலையில் வளரும் என்று கேளுங்கள். 30 டிகிரிக்கு மேல் செழிக்கும் பாசில்லஸ், 12 டிகிரி குடலில் பெரும்பாலும் முளைக்காமல் தூங்கும் வித்தாகவே (ஸ்போர்) வந்து போகும்.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினால் இதே கோளாறுதான். பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளை 30 டிகிரியில் ஒரு நாள் வைத்து "பாக்டீரியா குறைவு" என்று அறிக்கை வரும். 1.5 முதல் 2 சதவீத உப்பு சேர்த்த வளர்ப்பு ஊடகத்தில், 15 டிகிரியில், 5 முதல் 7 நாள் வைக்கச் சொல்லுங்கள். குடலில் உள்ள மலத்தையும் சுவரைச் சுரண்டி எடுத்த சளியையும் தனித்தனிக் குப்பியில் கொடுங்கள். இரண்டிலும் இருப்பது ஒரே கூட்டமல்ல.

தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பது இந்தக் காலத்தில் வீண்செலவு. நோயுற்ற மீன் தின்னாது, தின்பது நலமாயிருப்பதுதான்.