ந⁴ + 4 போன்ற ஓர் இயற்கணிதக் கோவை எப்போது பகா எண்ணைத் தரும் என்று எப்படிக் கண்டறிவது?

ந என்பதை இயல் எண்ணாகக் கொள்வோம். ந-க்கு 1, 2, 3 என்று மதிப்புகளை இட்டுப் பார்க்கத் தொடங்குவதற்கு முன், கோவை காரணிகளாகப் பிரிகிறதா என்று பார்ப்பதே சிறந்தது. ஒரு பகா எண்ணை இரண்டு முழு எண்களின் பெருக்கற்பலனாக எழுதினால், அவற்றுள் ஒன்று 1 ஆகவோ −1 ஆகவோ இருந்தே தீர வேண்டும். இவ்வகைக் கணக்குகளில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையிலேயே தீர்ந்துவிடும்.

ந⁴ + 4 உடன் 4ந²-ஐக் கூட்டிக் கழித்தால், அது (ந² + 2)² − (2ந)² என்றாகி, (ந² − 2ந + 2)(ந² + 2ந + 2) என்று பிரிகிறது. இவற்றை (ந − 1)² + 1, (ந + 1)² + 1 என்று எழுதினால் விடை கண்ணெதிரே தெரியும். இரண்டாவது காரணி 5-க்குக் குறையாது; முதலாவது 1 ஆவது ந = 1 எனும்போது மட்டுமே. எனவே ந = 1 எனில் மதிப்பு 5 என்னும் பகா எண்; மற்ற எல்லா இயல் எண்களுக்கும் பகு எண்.

−1 என்னும் வாய்ப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ந² − 12ந + 27 = (ந − 3)(ந − 9) என்பதில் ந = 10 எனில் 7 கிடைப்பதை எளிதில் காணலாம்; ஆனால் ந = 2 எனில் இரு காரணிகளும் குறை எண்களாகி, (−1)(−7) என்று அதே 7 கிடைக்கிறது.

காரணிகளாகப் பிரியாத கோவைக்கு மீதிகளைப் பார்க்க வேண்டும். ப, ப² + 2 இரண்டும் பகா எண்கள் எனில், ப = 3 மட்டுமே; ஏனெனில் 3-ஆல் வகுபடாத எந்த எண்ணின் வர்க்கமும் 3-ஆல் வகுக்க மீதி 1 தருவதால், ப² + 2 என்பது 3-இன் மடங்காகிவிடும், அது 3-ஐவிடப் பெரியதும்கூட.

சில மதிப்புகளுக்குச் சரியாக வருவதை நிறுவலாகக் கொள்ளக் கூடாது. 1772-இல் கணிதவியலாளர் ஆய்லர் குறிப்பிட்ட ந² − ந + 41 என்னும் கோவை, ந = 1 முதல் 40 வரை பகா எண்களையே தந்து, 41-இல் 41² ஆகிவிடுகிறது. முழு எண் கெழுக்களைக் கொண்ட, மாறிலி அல்லாத எந்தப் பல்லுறுப்புக் கோவையும் எல்லா இயல் எண்களுக்கும் பகா எண் தர முடியாது: ந = அ எனில் மதிப்பு ப என்றால், ந = அ + ப, அ + 2ப, அ + 3ப ஆகியவற்றுக்கும், அதே வரிசையில் தொடரும் எண்களுக்கும் உரிய மதிப்புகள் ப-ஆல் வகுபடும்; அவை எல்லாமே ப-ஆகவே இருக்க முடியாது என்பதால், பகா எண் அல்லாத மதிப்பு வந்தே தீரும்.

ந² + 1 முடிவின்றிப் பகா எண்களைத் தந்துகொண்டே இருக்குமா என்பது, 1912-இல் கணிதவியலாளர் லாண்டாவ் முன்வைத்த நான்கு வினாக்களுள் ஒன்று. அதற்கு இன்றுவரை நிறுவல் இல்லை.