பளபளக்கும் டயலா, மஞ்சளடித்த டயலா?

கேள்வி: எனக்கு வயது 52. கல்லூரியில் எங்கள் பேராசிரியர் கையில் பார்த்த நாளிலிருந்து ஒமேகா கான்ஸ்டெல்லேஷன் வாட்ச் மேல் ஆசை. இப்போது இணையத்தில் இரண்டு விற்பனைக்கு வந்திருக்கின்றன. இரண்டுமே 1962 வாக்கில் செய்தவை, ஸ்டீல், ஆட்டோமேட்டிக் என்கிறார்கள். ஒன்றின் டயல் இன்றைக்குக் கடையிலிருந்து எடுத்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. இன்னொன்று மஞ்சளடித்து, ஓரத்தில் இரண்டு புள்ளிகளோடு இருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. புதிது போல் இருப்பதை வாங்கலாம்தானே? செல்போனே மணி காட்டும்போது இதற்கு இவ்வளவு பணமா என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: அவசரப்பட்டு அந்த வெள்ளை டயலுக்குப் பணம் அனுப்பிவிடாதீர்கள், ஐயா. அறுபது வருடம் ஓடிய வாட்சின் டயல் அவ்வளவு வெளுப்பாக இருந்தால் யாரோ அதைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டிலிருந்து இணையத்தில் விற்கப்படும் பழைய சுவிஸ் வாட்சுகளில் இந்த மறுபூச்சு சகஜம். ஏமாற்றும் எண்ணம் இல்லாமல், "நல்லா இருக்கட்டுமே" என்று செய்கிறவர்களும் உண்டு. என் தாய்மாமாவின் வாட்சை எண்ணெய் போட மட்டும்தான் ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது டயல் புதுசு. "உங்களுக்காக ஃப்ரீயா பண்ணினேன் சார்" என்றார் அவர். மாமா முப்பது வருடம் பார்த்த முகம் போய்விட்டது. இன்றும் அந்த வாட்சைக் கட்ட மனம் வருவதில்லை.

இந்த வாட்சில் டயலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பீர்கள். கான்ஸ்டெல்லேஷனின் அழகே அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்து டயல்கள் பலவும் தட்டையாக இருக்காது. தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தது போல நடுப்பகுதி உயர்ந்து, ஓரம் பன்னிரண்டு பட்டைகளாகச் சரியும். சேகரிப்பவர்கள் இதை 'பை-பேன்' டயல் என்பார்கள். ஜன்னலோரம் நின்று மணிக்கட்டை மெல்லத் திருப்பினால் ஒரு பட்டை ஒளிரும், அடுத்தது நிழலில் இருக்கும், பிறகு அது ஒளிரும். 34, 35 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் இவ்வளவு வேலை! மறுபூச்சு அடிக்கும்போது பெயின்ட் இந்தப் பட்டைகளின் விளிம்பில் தேங்கி, கூர்மை மழுங்கிவிடும். ஆகவே விற்பவரிடம் சாய்வான வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே கோடு கத்தி மாதிரி தெரிய வேண்டும். ஆறு மணிப் பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன நட்சத்திரத்தின் அடியில் பெயின்ட் பிசிறு இருக்கக் கூடாது. எழுத்துகள் தடித்தோ, இடைவெளி தாறுமாறாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள். மஞ்சளடித்த டயலில் இதெல்லாம் சரியாக இருந்தால் அந்த இரண்டு புள்ளிகளைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

அடுத்து, பின்மூடியைத் திறந்த படம். தர மறுத்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். கான்ஸ்டெல்லேஷன் என்றால் துல்லியத்தை அதிகாரபூர்வமாகச் சோதித்துச் சான்று பெற்ற 'குரோனோமீட்டர்'. 1962 என்றால் உள்ளே 551 என்ற எண்ணுள்ள மிஷின் இருக்கும்; தேதி காட்டுகிற வாட்ச் என்றால் 561. செம்பு நிறத்தில் இருக்கும் அந்த மிஷின் மேல் 24 ஜுவல் (தேய்மானத்தைக் குறைக்கும் கற்கள்) என்றும், வாட்சை வைக்கும் ஐந்து நிலைகளிலும் வெப்பநிலைக்கும் சரிசெய்யப்பட்டது என்றும் ஆங்கிலத்தில் வெட்டியிருப்பார்கள். அதே குடும்பத்தில் 552, 562 என்று சான்று பெறாத மிஷின்களும் உண்டு. அவையும் உழைக்கும், ஆனால் ஒமேகாவின் சீமாஸ்டர் போன்ற வேறு வாட்சுகளுக்கு உரியவை. அவற்றின் மேல் கான்ஸ்டெல்லேஷன் டயலை மாட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மிஷின் மேலுள்ள எட்டு இலக்க எண் 19 என்று தொடங்கினால் ஏறக்குறைய 1962. மூடியின் உட்புறம் 167.005 என்றிருந்தால் தேதி இல்லாதது, 168.005 என்றால் தேதி உள்ளது. முன்பக்கமும் மூடியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

மூடியின் வெளிப்புறத்தில் ஒரு தங்கப் பதக்கம் இருக்கும். வானாய்வுக் கூடம், மேலே எட்டு நட்சத்திரங்கள். அக்காலத்தில் வானாய்வுக் கூடங்கள் கடிகாரங்களுக்குத் துல்லியப் போட்டி நடத்தின. 1936இல் இங்கிலாந்தின் டெடிங்டனில் ஒமேகா 100க்கு 97.8 மதிப்பெண் வாங்கியது. அத்தகைய வெற்றிகளின் நினைவாகத்தான் அந்த நட்சத்திரங்கள். கேஸை அடிக்கடி பாலிஷ் போட்டிருந்தால் பதக்கத்திலுள்ள கட்டடத்தின் கோடுகள் தேய்ந்து வழவழவென்றாகிவிடும். விரலால் தடவினாலே தெரியும்.

சாவிக் குமிழ் பத்துப் பட்டையாக இருந்தால் நல்லது. முகப்பு பிளாஸ்டிக் கண்ணாடியின் நட்டநடுவில், லென்ஸ் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு ஒரு குட்டி ஒமேகா குறி பொறித்திருக்கும். இவை இரண்டும் மாற்றக்கூடிய பாகங்கள். இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், வாட்சையே ஒதுக்க வேண்டாம்.

வீட்டில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1848இல் லூயி பிராண்ட் என்பவர் சுவிட்சர்லாந்தின் லா ஷோ-தெ-ஃபோன் ஊரில் தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் ஒமேகா ஆனது. 1948இல் நூற்றாண்டுக்காக அவர்கள் ஓர் ஆட்டோமேட்டிக் குரோனோமீட்டர் செய்தார்கள். அதற்குக் கிடைத்த வரவேற்பில் பிறந்ததுதான் 1952இன் கான்ஸ்டெல்லேஷன். முதலில் வந்தவற்றில், கை அசைவில் ஆடி வாட்சுக்குச் சாவி கொடுக்கும் எடைத்துண்டு முழுச் சுற்றுச் சுற்றாது. பாதி வழி போய் ஸ்பிரிங்கில் மோதித் திரும்பும், கட்டியிருப்பவர் கையில் அந்த இடி மெல்லியதாகத் தெரியும். நீங்கள் பார்ப்பவற்றில் அது முழுவட்டம் சுற்றும். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் செய்கோ அஸ்ட்ரான் என்ற, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் விற்பனைக்கு வந்தது. துல்லியத்தில் அதோடு போட்டியிட எந்தச் சக்கரத்தாலும் முடியவில்லை. எண்ணற்ற சுவிஸ் பட்டறைகள் மூடப்பட்டன. உங்கள் வாட்ச் அதற்கு ஏழு வருடம் முந்தையது. ஒரு நாளைக்குச் சில வினாடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பதற்காக மனிதர்கள் கையால் திருத்தித் திருத்தி வைத்த மிஷின். பேட்டரி வேண்டாம், கை அசைந்தால் ஓடும். வீட்டில் இருப்பவரை அதைக் காதோரம் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

கேள்வி: இப்படிப்பட்ட பழைய வாட்சைத் தினமும் கட்டலாமா?
— வாசகி, சேலம்

பதில்: கட்டலாம், தண்ணீர் மட்டும் ஆகாது. உள்ளே ரப்பர் காய்ந்திருக்கும். மழை, பாத்திரம் கழுவுதல், கை கால் அலம்புதல் எல்லாவற்றுக்கும் முன்னால் கழற்றி வையுங்கள். வியர்வைக்காலத்தில் தோல் பெல்ட் ஊறிக் கேஸை அரிக்கும், இரவில் காற்றாட வையுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட வேண்டும். கொடுக்கும்போது ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்: "டயலைத் தொடக் கூடாது, பாலிஷ் வேண்டாம், மாற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்."