விழாத ஸ்டாப்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர். இப்போது துபாயில் வேலை. உங்கள் விளையாட்டுக் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவன். ஒரு நியாயம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கால்பந்தில் ஸ்டாப்பர் ஆடுகிறான், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஆள். மீன்பிடித் தடைக்காலத்தில் நடக்கும் எழுவர் தொடர்களில் ஆடிப் பழகி, சென்னை லீக் போய், இப்போது நாட்டின் இரண்டாம் நிலை லீக்கான ஐ-லீக்கில் கிளப் ஒன்றில் வழக்கமாக இறங்குகிறான். வயது 26. அவனைத் தாண்டிப் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மூன்று நிமிட வீடியோ ஒன்று இணைத்திருக்கிறேன், எப்படி விழுந்து விழுந்து பந்தை எடுக்கிறான் என்று பாருங்கள். ஆனால் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்குக்கூட ஒருமுறையும் கூப்பிட்டதில்லை. 2025 அக்டோபரில் சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பைக் கோட்டை விட்டார்கள். நவம்பரில் வங்கதேசத்திடமும் தோல்வி. இந்தத் தடுப்பை வைத்துக்கொண்டு இவனைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது சரியா? தமிழன், அதிலும் ராமநாதபுரத்துக்காரன் என்றால் கண்ணுக்குத் தெரிய மாட்டானா? இங்கே ரூமில் எல்லோருக்கும் கொதிப்பு. அவன் இந்தியாவுக்கு ஆடத் தகுதியானவனா இல்லையா, நேராகச் சொல்லுங்கள் அண்ணே.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். பயிற்சி முகாமுக்கு அழைக்க அவர் தகுதியானவர். முதல் பதினொருவரில் இறக்கலாமா என்றால், இன்றைக்கு வேண்டாம். இதைப் படித்ததும் உங்கள் ரூமில் எனக்கு நாலு வசவு விழும். விழட்டும்.

பையனின் பெயரையும் கிளப்பின் பெயரையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஒப்பந்தத்தில் இருக்கிற ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லி ஊர்க்காரர்கள் இந்திய கோச்சைத் திட்டினால், கடைசியில் சங்கடப்படப் போவது அவர்தான்.

முதலில் அந்தத் 'தமிழன்' விஷயம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்தியாவுக்கு ஆடினார். நந்தகுமார் சேகர் 2023இல் ஆடினார். நமக்குப் பக்கத்திலேயே, காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளை சிவசக்தி நாராயணன், நாட்டின் பெரிய லீக்கான ஐ.எஸ்.எல்.லில் 2022-23 சீசனின் சிறந்த வளரும் வீரர். எந்த ஊர் என்று கேட்டு யாரும் இவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் மூன்று பேரும் எங்கே ஆடுகிறவர்கள் என்று பாருங்கள். எல்லோரும் எதிராளி கோலுக்குப் பக்கத்தில் வேலை இருக்கிறவர்கள். உங்கள் பையனுக்கு முட்டுக்கட்டை போடுவது அவர் ஊர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆடுகிற இடம்தான்.

மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியை எடுத்துக்கொள்வோம். 2022இல் கேரளாவின் ஜெசின், கர்நாடகாவுக்கு எதிரான அரையிறுதியில் மாற்று ஆளாக இறங்கி ஐந்து கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் அவரை எடுத்துக்கொண்டது. 2024ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஹைதராபாத்தில் வங்காளம் கோப்பையை வென்றது. ரபி ஹன்ஸ்தா போட்ட ஒரே கோல், அவர் பெயர் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அந்த இறுதி ஆட்டத்தில் கேரளாவை ஒரு கோல்கூடப் போட விடாத வங்காள பேக்குகள், அதாவது தடுப்பாட்டக்காரர்கள், யார் யார்? பத்து கால்பந்து ரசிகர்களை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கதை பழசு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது. நம் நாடு கண்ட மிகப் பெரிய ஸ்டாப்பர்களில் ஒருவரான ஜர்னைல் சிங் அந்த அணியில் இருந்தார். தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். கோச் ரஹீம் அவரை உட்கார வைக்காமல் ஃபார்வர்டாக மாற்றி இறக்கினார். அரையிறுதியில் ஒரு கோல், தென்கொரியாவுக்கு எதிரான இறுதியில் ஒரு கோல். இன்றைக்கும் ஜர்னைல் என்றால் நாம் சொல்லுவது கட்டுப் போட்ட தலையோடு அவர் போட்ட கோல்களைத்தான். அத்தனை வருஷம் பின்னால் நின்று அவர் தடுத்ததையெல்லாம் சொல்ல ஆள் இல்லை.

ராகுல் பேக்கேயைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் பையனுக்கு அதுதான் தெம்பு. 2019 மார்ச்சில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் தலையால் முட்டிக் கோல் போட்டு, பெங்களூருவுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஜூனில் கிங்ஸ் கோப்பையில் இந்தியாவுக்கு முதல் ஆட்டம். அப்போது வயது 28. கோல் போட்டதால்தான் அழைத்தார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், அதற்கு முன்னாலும் நல்ல பேக்தான். ஆனாலும் 28 வயது வரை காத்திருந்தார் என்பதை மறக்க வேண்டாம். ஸ்டாப்பருக்கு 26 ஒரு வயதே இல்லை.

சரி, இப்போது உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லாமல் விட்ட பலமான காரணம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் ஸ்டாப்பர்களுக்குப் பஞ்சம். ஐ.எஸ்.எல். தொடங்கிய நாள் முதல் கிளப்புகள் வெளிநாட்டு ஆட்களுக்குப் பணத்தைக் கொட்டுவது பெரும்பாலும் கோல் போடும் இடத்துக்கும் நடு பேக் இடத்துக்கும்தான். 2021-22 முதல் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டினர் என்று குறைத்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் அநேகமாக ஸ்டாப்பராக நிற்பார். பெரிய லீக்கிலேயே இந்திய ஸ்டாப்பர்கள் நின்று ஆடும் இடம் குறைவு என்றால் தேசிய அணிக்கு எங்கிருந்து ஆள் வரும்?

சிங்கப்பூர் கதையில் இது அப்படியே தெரிந்தது. முதல் ஆட்டம் அங்கே. இடைவேளை முடிந்து வந்த கையோடு நம் ஸ்டாப்பர் சந்தேஷ் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியேறினார். பத்துப் பேராக நின்று, ரஹீம் அலி கடைசி நேரத்தில் போட்ட கோலால் 1-1 என்று தப்பினோம். ஐந்து நாள் கழித்து கோவாவின் மட்கானில், ஜிங்கன் இல்லாமல், சாங்தே முதலில் கோல் போட்டும் 1-2 என்று தோற்றோம். சிங்கப்பூரின் சாங் உய்-யங் ஒருவரே இரண்டையும் போட்டார். ஜிங்கன் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்லவில்லை. ஒரு ஸ்டாப்பர் போனால் இந்தியா இவ்வளவு கைபிசைய வேண்டியிருக்கிறதே, வரிசையில் ஐந்தாவது ஆறாவது ஆளைப் பார்த்து வைத்தால் என்ன நஷ்டம்? உங்கள் பையனை முகாமுக்கு அழைக்க வேண்டும் என்று நான் சொல்லுவது இதனால்தான்.

கோச்சும் கண் தெரியாதவர் இல்லை. 2025 ஆகஸ்டில் பொறுப்புக்கு வந்த காலித் ஜமீல், 2016-17இல் ஐஸ்வால் என்ற சின்ன மிசோரம் கிளப்பை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். பெரிய கிளப்புகள் சீந்தாத ஆட்களை வைத்து எப்படி ஜெயிப்பது என்று இந்தியாவில் யாருக்காவது தெரியும் என்றால் அவருக்குத் தெரியும். வந்த உடனே தஜிகிஸ்தானை 2-1 என்று அவர்கள் ஊரிலேயே அணி ஜெயித்தது. அந்த இரண்டு கோலையும் போட்டவர்கள் அன்வர் அலி, ஜிங்கன், இரண்டு பேருமே ஸ்டாப்பர்கள்!

இனி அந்த வீடியோ. இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். மூன்று நிமிடமும் பையன் தரையில் சறுக்கிக்கொண்டே இருக்கிறார். பின்னணியில் சினிமாப் பாட்டு வேறு. பார்க்க அமர்க்களமாக இருக்கிறது, ஆனால் ஒரு கோச்சிடம் இதை அனுப்பினால் அவர் பார்ப்பது வேறு. சறுக்கி விழுந்து எடுப்பது ஸ்டாப்பரின் கடைசி வழி. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காதபோதுதான் பெரும்பாலும் அது தேவைப்படும். விழுந்துவிட்டால் எழுகிற வரை அணிக்கு ஒரு ஆள் குறைச்சல். பெனால்ட்டி பகுதிக்குள் என்றால் கேட்கவே வேண்டாம்.

அதிசயம் என்னவென்றால், நான் நேரில் பார்த்த அந்தப் பையன் விழுகிறவரே இல்லை. கோடைத் தொடர் ஒன்றில் அவர் ஆடியதைப் பார்த்தேன். கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த சாயங்காலம். அந்தக் காற்றில் உயரப் பந்து எங்கே விழும் என்று பழக்கம் இல்லாதவர்களுக்குப் புரியாது. எதிர் அணி கோலி அடித்த பந்து பாதி வழியில் நின்று திரும்பும். எல்லோரும் முன்னால் ஓடிவிட்டுப் பிறகு பின்னால் ஓடினார்கள். இவர் மட்டும் நின்ற இடத்திலிருந்து இரண்டடி நகர்ந்து, இரண்டாவது துள்ளலில் பந்தை வாங்கிக்கொண்டிருந்தார். ஃபார்வர்டு பந்தோடு வந்தால் பாய மாட்டார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கோட்டோரப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு, கூடவே நடப்பார். அவன் ஓரத்துக்குப் போய் வேறு வழியில்லாமல் பந்தை வெளியே விடுவான். ஆட்டம் முழுக்க வாய் ஓயவில்லை. 'ஏத்து, ஏத்து', 'ஆளப் பாரு', 'எடது விடாத' என்று கத்திக்கொண்டே இருந்தார். சட்டையில் மண் ஒட்டவில்லை. உங்கள் வீடியோவில் இதில் ஒரு வினாடிகூட இல்லையே, யார் வெட்டி ஒட்டியது?

குறையும் இருக்கிறது. எழுவர் ஆட்டத்தில் வழக்கமாக ஆஃப்சைடு கிடையாது, அதாவது பந்து வருமுன்பே பேக்குகளைத் தாண்டிப் போய் நிற்கக் கூடாது என்ற விதி இல்லை. அதில் வளர்ந்த பேக் ஆளைப் பார்த்து ஆடக் கற்றுக்கொள்வான், வரிசையைப் பார்த்து ஆடக் கற்றுக்கொள்ள நாளாகும். இவருடைய ஐ-லீக் ஆட்டங்கள் சிலவற்றைப் பார்த்தேன். மற்ற மூன்று பேக்குகளும் மேலே ஏறிவிட, இவர் மட்டும் பின்னாலேயே தங்கிவிடுகிறார், எதிராளி ஆஃப்சைடு ஆகாமல் உள்ளே புகுந்துவிடுகிறான். கரைவலை இழுக்கிற ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஒரு கை பின்தங்கினால் மீன் அந்தப் பக்கமாகப் போய்விடும். அப்புறம் இடது கால். நெருக்கி வந்து அழுத்தினால் வலது காலுக்குப் பந்தை மாற்றப் பார்க்கிறார், முடியாவிட்டால் தூக்கி அடித்துவிடுகிறார். ஐ-லீக்கில் அது கைதட்டல் வாங்கும். ஆசிய அளவில் அந்தப் பந்து உடனே திரும்பி வரும்.

இரண்டும் பழகினால் சரியாகக்கூடியவை. நல்ல ஸ்டாப்பருக்குப் பக்கத்தில் நின்று பழகினால் சீக்கிரம் சரியாகும். முகாம் வேண்டும் என்று நான் சொல்லுவதற்கு இது இன்னொரு காரணம்.

ஆனால் அழைப்பு வானத்திலிருந்து வராது. ஒரு காலத்தில் சந்தோஷ் டிராபியில் நன்றாக ஆடினால் இந்திய அணிக்கு வழி திறந்தது. இன்று பெரிய லீக்கில் ஆடுகிறவர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை, தேர்வாளர்களின் கண்ணும் அங்கே இல்லை. அடுத்த ஒப்பந்தத்தில் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் ஐ.எஸ்.எல். கிளப் ஒன்றுக்குப் போவது நல்லது, பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தாலும் சரி. இதை அவர் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். 26 வயதில், தங்கை கல்யாணம் பாக்கி இருக்கும்போது, சம்பளத்தைக் குறைத்துக்கொள் என்று சொல்லுவது எனக்கு எளிது. நம் கரையில் எத்தனை நல்ல பேக்குகள் 23 வயதில் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள் என்று உங்கள் ரூமிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

உங்களால் முடிந்த ஒன்று உண்டு. ஊர்த் தொடருக்குப் பரிசுத் தொகை உங்களைப் போன்றவர்கள் அனுப்புவதுதானே? அடுத்த கோடையில் ஒரு தொடரையாவது பதினொருவர் ஆட்டமாக, ஆஃப்சைடு வைத்து, ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி அரங்கத்தில் நடத்தச் சொல்லுங்கள். அதிக கோல் போட்டவருக்குச் சைக்கிள் கொடுக்கிறீர்கள், சிறந்த பேக்குக்கும் ஒன்று கொடுங்கள்.

அந்தப் பையனின் முழு ஆட்டம் ஏதாவது வீடியோவாக இருந்தால் வெட்டாமல், பாட்டுப் போடாமல் அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த கோச்சுகள் இரண்டு பேரிடம் காட்டுகிறேன். தோற்ற ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை.